செவ்வாய்க்கிழமை என் மூக்கைத் தைக்கிறார்கள்

1

நம்மூர் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்கு இங்கிலாந்தைப் பற்றி ஏதாவது எழுதச் சொல்லி மூன்று கடிதம் போட்டுவிட்டீர்கள். ராஜாவின் அரண்மனை எப்படி இருக்கும், பனி எப்படி விழும், துரைசானிகள் எப்படி நடப்பார்கள் என்று கேள்விகளையும் நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அரண்மனையை நான் பார்த்ததில்லை. அது லண்டனில் இருக்கிறது. நான் இருப்பது பர்மிங்ஹாமில். பனி விழும்போது வெள்ளையாகத்தான் விழுகிறது, தரைக்கு வந்த அரைமணியில் கரிச்சேறாகிவிடுகிறது. துரைசானிகள் ரேஷன் கடை வரிசையில் நம்மூர்ப் பெண்கள் கிணற்றடியில் நிற்பதைப்போல நிற்கிறார்கள். ஆனால் சண்டை போடுவதில்லை. அதனால் நின்று பார்க்க ஒன்றுமில்லை.

ஆகையால் என் மூக்கைப் பற்றி எழுதுகிறேன்.

இங்கே இப்போது வைத்தியம் எல்லோருக்கும் இலவசம். அந்த இலவசத்தில் என் மூக்குக்கும் ஒரு பங்கு கிடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து அட்டை வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, இரவு உடை ஒன்று, பல் துலக்கும் பிரஷ், ரேஷன் புஸ்தகம் இவற்றுடன் ஆஜராக வேண்டியது. வேண்டாம் என்றால் சனிக்கிழமைக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டியது. மூக்கைத் தைத்துக்கொள்ள ரேஷன் புஸ்தகம் எதற்கு என்று கேட்டேன். படுத்திருக்கும் நாளில் நான் தின்னும் சர்க்கரைக்கும் வெண்ணெய்க்கும் கணக்கு காட்ட வேண்டுமாம்.

இன்று புதன்கிழமை. போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இருபத்தேழு வயதானவன், எந்திரங்களின் படம் வரைந்து சம்பளம் வாங்குகிறவன், ஒரு கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன். அது வந்தால்தான் முடிவு. இதைவிடக் கேவலம் வேறு வேண்டுமா?

2

என்னைத் தெரிந்தவர்களுக்கு என் மூக்கைத் தெரியும். தெரியாத புது வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

எனக்கு முன்னால் எங்கள் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் தங்கவில்லை. நான்காவதாக நான். பிறந்த பத்தாம் நாள் ஆசாரியைக் கூட்டிவந்து என் வலது மூக்கில் துளை போட்டு ஒரு சின்ன வளையத்தை மாட்டி, மூக்கன் என்று பெயரும் வைத்தார்கள். மூக்கில் ஓட்டை உள்ள பிள்ளையை யமன் தொடமாட்டானாம். சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவன் சொத்தையைத் தள்ளிவிட்டுப் போகிறானே, அதுபோல என்னைத் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவானாம். அடுத்த வீட்டுப் பிள்ளை என்ன பாவம் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் மலையேறி, வளையத்தைக் கழற்றிக் கோயில் உண்டியலில் போடுவதாக வேண்டுதல்.

நான் தங்கிவிட்டேன். உடனே சொந்தக்காரர்கள் எல்லோரும் கணக்குப் போட்டுவிட்டார்கள்: மூக்கு குத்தினார்கள், பிள்ளை நின்றது. சுகாதாரப் பாடத்தில் கொசுவைப் பற்றியும் கிணற்று நீரைப் பற்றியும் நான் படித்துவந்து சொன்னபோது அவர்கள் சிரித்தார்கள். பதிலுக்கு நானும் அன்று முதல் இன்றுவரை அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் நைனா ஸ்டேஷனுக்கும் மலையடிவாரத்துக்கும் ஜட்கா ஓட்டுகிறவர். எங்கள் வம்சத்தில் பலகையும் பலப்பமும் பிடித்த முதல் கை என்னுடையது. போர்டு ஸ்கூலில் நான்காம் வகுப்பு படிக்கும்போது, துணிக்கடைக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் என் மூக்கு வளையத்தில் விரலை விட்டுக்கொண்டு, “டேய், இவுங்க நைனாவுக்கு ஒரு குதிர, எனக்கு ஒரு குதிரடா! ஹேய்… ஸ்டேஷனுக்கு உடு!” என்று கடிவாளம் இழுப்பதுபோல இழுத்தான். பையன்கள் சிரித்தார்கள். நானும் இரண்டு எட்டு ஓடினேன், வலி தாங்காமல். மூன்றாவது எட்டில் வளையம் அவன் விரலோடு போய்விட்டது. மூக்கின் ஓரம் துளையிலிருந்து கீழே வரைக்கும் கிழிந்து இரண்டாகத் தொங்கியது.

அம்மா என்னைப் பார்த்ததும் அழவில்லை. நைனாவைப் பிடித்துக்கொண்டாள். “படிப்பு படிப்புன்னு அனுப்சியே, மூக்கயே பிச்சி அனுப்சிட்டானுங்க பாரு. நாளிக்கி உசுரு போனா எந்த வாத்தியாரு குடுப்பாரு?”

நைனா சொன்னார்: “மூக்கு போனா போவட்டும். எழுத்து போச்சுன்னா இவனும் என்ன மாதிரி குதிர வாலயே பாத்துகினு கெடக்கணும்.”

சொல்லிவிட்டு ஸ்கூலுக்குப் போய், மண்ணில் தேடி அந்த வளையத்தை எடுத்துக் கழுவி, அன்று சாயங்காலமே மலையேறி உண்டியலில் போட்டுவிட்டு வந்தார். மறுநாள் நான் மூக்கில் மஞ்சள் பற்றோடு ஸ்கூலுக்குப் போனேன். எனக்குச் சளி பிடிக்கும்போதெல்லாம் அம்மா சோறு தின்னமாட்டாள். வளையம் நேரத்துக்கு முன்னால் கழன்றுவிட்டது என்ற பயம் அவளுக்கு என்று நினைத்துக்கொள்வேன். அதற்கும் சிரிப்பேன்.

3

இந்தப் பகுதியை எங்கள் நைனா வாசகசாலைப் பக்கம் வராத நாளாகப் பார்த்துப் படிக்கவும்.

யுத்த காலத்தில் அரக்கோணம் ரயில்வே பட்டறையிலிருந்து சில பேரை எந்திர வேலை பழக இங்கே அனுப்பினார்கள். நானும் அதில் ஒருவன். நானும் காதர் பாயும் திரும்பிப் போகாமல் இங்கேயே வேலையில் தங்கிவிட்டோம். காதர் பாய் அரக்கோணத்துக்காரர், மெக்கானிக், என்னைவிட ஆறு வயது பெரியவர். எங்கள் தொழிற்சாலையில் வந்த மாதமே எனக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: புல். அதாவது காளை. ஃபோர்மன் முதல் தேநீர் கொண்டுவரும் கிழவி வரை, “புல், இதைத் தூக்கு”, “புல், அந்த சக்கரத்தைத் திருப்பு” என்றார்கள். கனமான வேலைக்கெல்லாம் என்னைக் கூப்பிடுவதாக எனக்குத் தோன்றியது. எனக்கு உடம்பில் அப்படி ஒன்றும் பலம் இல்லை. ஆனால் வெள்ளைக்காரன் சொன்னால் இருக்கும் என்று நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் ஊருக்கும் எழுதினேன்.

நைனா அதை ஜட்கா ஸ்டாண்டில் சொன்னார். கிருத்திகைக்கு வந்த ஜனங்களிடம், ஏறினவர் இறங்கினவர் எல்லோரிடமும் சொன்னார்: “எம் புள்ளய வெள்ளக்காரனே காளன்னு கூப்புடறான், தெரியுங்களா?” இதை எனக்கு எழுதியதே நீங்கள்தான்.

அடுத்த கோடையில் ஃபோர்மன் எங்களைக் கிராமத்தில் ஒரு கால்நடைக் கண்காட்சிக்கு அழைத்துப்போனார். அங்கே ஒரு பெரிய காளை நின்றது. அதன் மூக்கில் செம்பு வளையம் ஒன்று தொங்கியது. இந்த ஊரில் காளைக்கு மூக்கணாங்கயிறு கிடையாது, வளையம்தான். ஃபோர்மன் என் தோளில் கைபோட்டு, “புல், உன் அண்ணன்!” என்று அதைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குத் தெரிந்த ஒரு மாலுமி எங்கள் தேசத்தில் ஆண்களும் மூக்கு வளையம் போடுவார்கள் என்று சொல்லியிருக்கிறானாம். முதல் நாளே என் மூக்கைப் பார்த்துப் புரிந்துகொண்டார்களாம்.

கடல் கடந்து வந்தும் அந்தத் துணிக்கடைப் பையனின் விரல் என் மூக்கிலேயே இருந்தது.

4

ஆஸ்பத்திரி ஃபாரத்தில் முதலில் ஒரு பொய் எழுதினேன். அழகுக்காக என்றால் இலவசத்தில் செய்யமாட்டார்கள் என்று நினைத்து, “மூச்சு விடச் சிரமம்” என்று எழுதினேன். உடனே ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். ஊதினேன். எந்திரத்தின் முள் கோடி வரைக்கும் போய் நின்றது. “உங்கள் மூச்சு குதிரை மூச்சு” என்றாள் நர்ஸ், பாராட்டாக. ஜட்காக்காரர் மகனுக்கு வேறு எந்த மூச்சு இருக்கும்?

பிறகு ஃபாரத்தோடு ஒரு பெண் கிளார்க் உட்கார்ந்தாள்.

“ஆக, தோற்றத்துக்காகத்தான்?”

“ஆமாம்.”

“காரணம்?”

“பள்ளிக்கூடத்தில் விபத்து.”

அவள் எட்டி என் மூக்கைப் பார்த்தாள். “ஓரம் கிழிந்தது விபத்து. மேலே வட்டமாகத் தெரிவது துளை. அது யார் போட்டது?” என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் “நாட்டு வழக்கம்” என்று எழுதிக்கொண்டாள். எனக்குச் சுரீரென்றது. இந்த மூடப் பழக்கத்தை இத்தனை வருஷம் கேலி செய்தவன் நான். அவள் அதையே இரண்டு வார்த்தையில் எழுதியபோது அவள் பேனாவைப் பிடுங்கலாம்போல வந்தது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

மூக்கறுவை செய்கிறவரை டாக்டர் என்று கூப்பிட்டேன். முகம் சுளித்தார். இங்கே மருந்து கொடுப்பவர்தான் டாக்டர். கத்தி எடுப்பவர் ‘மிஸ்டர்’. நம்மூரில் ஊசி போடத் தெரிந்த கம்பவுண்டரைக்கூட டாக்டர் என்கிறோம், யாரும் கோபித்துக்கொண்டதில்லை. மிஸ்டர் என் காதைப் பிடித்து, இரண்டு விரலால் தடவிப் பார்த்து, “நல்ல காது” என்றார். காது மடலிலிருந்து பட்டாணி அளவு வெட்டி மூக்கின் கிழிசலில் வைத்துத் தைத்துவிடுவாராம். துளையும் கிழிசலும் சேர்ந்து மூடிக்கொள்ளுமாம். “மூக்கு கட்டும் வித்தை உங்கள் தேசத்திலிருந்து எங்களுக்கு வந்தது, தெரியுமா?” என்று பெருமையாகக் கேட்டார். தெரியாது என்றேன். எங்கள் தேசத்து வித்தையை எனக்குச் செய்துகொள்ள நான் கப்பலேறி இங்கே வரவேண்டியிருந்தது என்பதில் அவருக்கு ஒரு வேடிக்கையும் தெரியவில்லை.

அவர் அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு அம்மாள் இருந்தார். பார்க்க லட்சணமான, நீண்ட, நேரான மூக்கு. நம்மூரில் மூக்கும் முழியுமாக இருக்கிறாள் என்போமே, அப்படி. அதைக் குட்டையாக்க வந்திருந்தார். அவருக்கு அடுத்து ஒரு வாலிபன். யுத்தத்தில் விமானம் எரிந்ததில் முகம் முழுதும் உருகிப்போனவன். இருபதாவது அறுவைக்கு வந்திருக்கிறேன் என்றான். இமை இப்போதுதான் கட்டியிருக்கிறார்கள், மூடித் தூங்க முடிகிறது என்றான். பிறகு என்னைக் கேட்டான்:

“நீ எதற்கு வந்தாய்?”

மூக்கைக் காட்டினேன். கிட்டே வந்து, அந்தப் புது இமையைச் சுருக்கிப் பார்த்தான். “எங்கே? எனக்கு ஒன்றும் தெரியவில்லையே” என்றான்.

இந்த அறுவையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்று அப்போது நினைத்தேன். டிராமில் ஏறினேன். எதிரே ஒரு குழந்தை என்னைச் சுட்டிக் காட்டித் தன் தாயிடம் ஏதோ கேட்டது. தாய் அதன் விரலை மடக்கினாள். என்னுடைய அந்த எண்ணமும் மடங்கிவிட்டது.

5

காதர் பாயிடம் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே வீட்டில், அடுத்தடுத்த அறையில் குடியிருக்கிறோம். அவர் பொது அடுப்பில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரக் கிழவி வாசனைக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் திறந்து வைத்திருந்தாள்.

“இன்னாடா மூக்கா, காத அறுத்து மூக்குல ஒட்டிக்கப் போறியா? அப்பால எவனாவது திட்டினா மூக்காலயே கேட்டுக்குவியா?”

“சிரிக்காத பாய். நான் முடிவு பண்ணிட்டேன்.”

“நீ எங்க முடிவு பண்ண? ஓசின்னு சொன்னா தலயே மாத்திக்குவ நீ. ஆமா, ஒங்கம்மா கிட்ட கேட்டியா?”

“எதுக்கு கேக்கணும்? என் மூக்கு.”

“மூக்கு உன்துதான்டா. ஓட்ட யாருது?”

வெங்காயம் தீய்ந்தது. அவர் அதைக் கவனிக்கத் திரும்பிவிட்டார். நான் என் அறைக்கு வந்து, அவர் படிக்காதவர், பழைய காலத்து மனுஷர் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே ஏர்மெயில் காகிதத்தை எடுத்து அம்மாவுக்கு எழுதினேன். காதிலிருந்து வெட்டுவதையும் துளை அடியோடு மூடிப்போவதையும் எழுதி, “உனக்குச் சம்மதமா?” என்று முடித்தேன். அது மூன்று வாரத்துக்கு முந்தி.

இந்த மூன்று வாரத்தில் எனக்கு ஒரு சளி பிடித்தது. இந்த ஊரில் எல்லோருக்கும் எப்போதும் சளிதான். ஆனால் அன்று சாயங்காலம் கண்ணாடி முன்னால் நின்று, துளை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். இருந்தது. நிம்மதியாக இருந்தது. கொசுவைப் பற்றி ஊருக்கு உபதேசம் செய்தவன் அப்படி நின்றேன். மூடினால் ஃபோர்மனும் துணிக்கடைப் பையனும் ஜெயித்ததாக ஆகும். மூடாவிட்டால் யமனுக்கு நான் பயந்ததாக ஆகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே எனக்கு அசிங்கமாகத் தெரிந்தேன்.

6

வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து வந்தபோது கடிதம் வந்திருந்தது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. நம்ம தபால்காரர்தான் அவள் சொல்லச் சொல்ல எழுதுவார். ஒரு சொல்லைக்கூட மாற்றமாட்டார். நானும் மாற்றாமல் இங்கே எழுதுகிறேன்.

“மூக்கனுக்கு ஒங்கம்மா சொல்றது. எழுத்து என்னுது, பேச்சு அவங்களுது – தபால்காரர். ஒன் லெட்டரு வந்துச்சு. மூக்க தெச்சிக்கட்டுமான்னு கேட்டுகிற. இதுக்கு ஒரு லெட்டரா? தெச்சிக்க. அந்த ஓட்டைலதான் ஒன் உசுரு தொங்கிகினு கீதுன்னு நெனச்சிகினு இருந்தியா? அவ்ளோ படிச்சிட்டு அப்டியா நெனச்ச?

“ஒன்கிட்ட சொல்லாதது ஒண்ணு கீது. ஒனக்கு முன்னால பொறந்தவனுக்கும் குத்தினேன். அதே ஆசாரி, அதே பக்கத்து மூக்கு. அவனுக்கும் மூக்கன்னுதான் பேரு. ஏழு மாசம் இருந்தான். இத எழுதணுமாம்மான்னு கேட்டேன், எழுதுங்கறாங்க – தபால்காரர். அப்பால எதுக்கு எனக்கும் குத்தினேன்னு கேப்ப. வேற எனக்கு இன்னா தெரியும்? புள்ளய மடில போட்டுகினு கைய கட்டிகினு குந்தியிருக்க முடியுமா? ஒனக்கு சளி வந்தப்பல்லாம் நான் வளையத்த நெனச்சிகினு இருந்தேன்னு நெனச்சியா? அவன நெனச்சிகினு இருந்தேன். நீ ஏன் நின்னேன்னு எனக்குத் தெரியாது. மல மேல இருக்கறவனுக்குத் தெரியும்.

“காத அறுக்கறாங்கன்னு படிச்சதும், நைனா குதிரைக்கு கொள்ளு வெக்கணும்னு எழுந்து போய்ட்டாரு.

“தெச்சப்புறம் ஒரு போட்டா புடிச்சி அனுப்பு. ஓட்ட இல்லாத ஒன் மொகத்த நான் பத்து நாளுதான் பாத்தேன். அப்பவும் நீ கண்ண மூடிகினே கெடந்த. தொறந்துகினு இருக்கறப்ப ஒரு வாட்டி பாக்கணும்.”

காதர் பாயிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். வெகு நேரம் படித்தார். “சனிக்கிழம வேணாம்னு லெட்டர் போடப் போறியா ஆஸ்பத்திரிக்கு?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

அம்மா மூக்கோட்டையை நம்புகிறாள் என்று இத்தனை காலம் சிரித்தேன். அவள் நம்பவே இல்லை. நம்பினது நான்தான். இரண்டாவது மூக்கன் நான் என்பது எனக்குத் தெரியாமலே இருபத்தேழு வருஷம் அந்தப் பெயரில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

7

இதை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை, மணி எட்டே முக்கால். ரேஷன் புஸ்தகத்தை வாங்கிக்கொண்டார்கள். மிஸ்டர் என் காதிலும் மூக்கிலும் ஊதா மையால் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நாம் துணியில் தையல்காரர் சுண்ணாம்புக் கட்டியால் போடுவதைப் பார்த்திருக்கிறோமே, அப்படி. மூன்றாம் பகுதியைப் பற்றி மேலே சொன்னதை அடித்துவிடுங்கள். நைனா வந்தால் அவர் எதிரிலேயே படியுங்கள். சத்தமாகப் படியுங்கள், ஜட்கா ஓட்டி ஓட்டி அவருக்குக் காது மந்தம்.

கையெழுத்துப் போடவேண்டிய ஃபாரத்தோடு அந்தப் பெண் கிளார்க் வந்தாள். அறுவைக்கு முன்னால் ஒரு போட்டோ, தையல் ஆறியபின் ஒரு போட்டோ எடுப்பார்கள். இரண்டும் ஆஸ்பத்திரிக் காகிதக் கட்டுக்குள் போய்விடும்.

“பின்னால் எடுப்பதில் எனக்கு ஒரு பிரதி வேண்டும்” என்றேன்.

“நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கு விதி இல்லை.”

“அப்படியென்றால் கையெழுத்து இல்லை.”

“கடையில் போய் எடுத்துக்கொள்ளலாமே?”

“எடுக்கலாம். அதில் முகத்துக்குச் சாயம் பூசி, மூக்கில் இருக்கிற தழும்பையும் அழித்துவிடுவான். எனக்கு உள்ளது உள்ளபடி வேண்டும்.”

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். சண்டைக்குத் தயாராக வந்தவள் என்றுதான் நினைத்தேன். எழுந்து உள்ளே போனாள். அவள் போன கதவையே பார்த்துக்கொண்டு இத்தனையும் எழுதிவிட்டேன்.

வந்துவிட்டாள். போட்டோக்காரர் ஒத்துக்கொண்டாராம், ஆனால் எதற்கென்று ஃபாரத்தில் அதற்குரிய கட்டத்தில் எழுத வேண்டுமாம்.

“யாருக்கு?” என்றாள்.

“என் தாய்க்கு.”

“அவர் பார்த்திராத மூக்கு. மகிழ்ச்சியடைவார், இல்லையா?” என்றாள், எழுதிக்கொண்டே.

“பார்த்திருக்கிறார்” என்றேன். “பத்து நாள்.”

அவளுக்குப் புரியவில்லை. ஃபாரத்தை என் பக்கம் நகர்த்தினாள். போட்டோவுக்கு ஏதாவது குறிப்பு உண்டா என்று கேட்டாள்.

கண் திறந்திருக்க வேண்டும் என்று எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.